மைதானத்தில் மூச்சு வாங்கினால் நுரையீரலைத் திட்டாதீர்கள்

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31, எடை 70 கிலோ, நாள் முழுக்க நாற்காலி வேலை. உடம்பைக் குறைக்கலாம் என்று அழகப்பா கல்லூரிப் பக்கத்து மைதானத்தில் காலையில் ஓட ஆரம்பித்திருக்கிறார். ஒன்றரைச் சுற்று முடிவதற்குள் மூச்சு முட்டி, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுகிறாராம். அவருடைய அப்பத்தாவுக்கு 66 வயது. அவர் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே போகிறார், வழியெல்லாம் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும். “என் நுரையீரல் பலவீனமா? உடம்புக்கு ஆக்சிஜன் போதவில்லையா? மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா?” இதுதான் கேள்வி.

சுருக்கமான பதில்: இல்லை, இல்லை, அவ்வளவாக ஆகாது. ஆரோக்கியமான ஆளின் நுரையீரல், அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதற்கு மேலேயே கொடுக்கிற வசதியோடு இருக்கிறது. அது கொடுப்பதைச் சுமந்துபோகும் இதயமும், வாங்கிச் செலவழிக்கும் தொடைத் தசையும்தான் பழக்கமில்லாமல் கிடக்கின்றன. முட்டுவது நெஞ்சில் என்பதால் பழி நுரையீரல் மேல் விழுகிறது.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். கொரோனா சமயத்தில் வாங்கி அலமாரியில் போட்ட விரல் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கும். உட்கார்ந்தபடி மாட்டினால் 97 அல்லது 98 காட்டும். அப்புறம் மாடிப்படியை இரண்டு மூன்று தடவை விறுவிறுவென்று ஏறி இறங்குங்கள். மூச்சு இரைக்க இரைக்க, விரல் வியர்வையைத் துடைத்துவிட்டு, கையை ஆட்டாமல் மறுபடி மாட்டுங்கள். நாடித்துடிப்பு 140, 150 என்று எகிறியிருக்கும். ஆக்சிஜன் எண் மட்டும் இருந்த இடத்திலேயே, மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு குறைந்து நிற்கும். கடும் ஓட்டத்தில்கூட சாதாரண ஆரோக்கியமுள்ளவர்களுக்குத் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாக இறங்குவதில்லை. இறங்குவது யாருக்கு என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: உச்சத்தில் இருக்கும் சில ஓட்ட வீரர்களுக்குத்தான். அவர்களுடைய இதயம் ரத்தத்தை அவ்வளவு வேகமாகத் தள்ளுவதால், நுரையீரலைக் கடக்கும் நொடிப்பொழுதில் ரத்தம் முழுதாக நிரம்ப நேரம் பற்றாமல் போகிறது. நமக்கெல்லாம் அந்தக் கவலை கிடையாது.

சரி, ஆக்சிஜன் குறையாமலே மூச்சு வாங்குகிறது என்றால் அதை விரட்டுவது எது? அதற்கு முன்னால் மூச்சு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நுரையீரலுக்குச் சொந்தமாகத் தசை கிடையாது, தானாக விரியத் தெரியாது. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே கவிழ்ந்து நிற்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகள் மேலும் வெளியிலும் நகர்கின்றன. நெஞ்சறை பெரிதாகி உள்ளே அழுத்தம் குறைந்ததும், வெளிக்காற்று தானாக நுழைகிறது. மூச்சை விடுவதற்கு, சும்மா இருக்கும்போது, ஒரு தசையும் வேலை செய்ய வேண்டியதில்லை. இழுபட்ட நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கிக்கொள்ளும். ஓடும்போதுதான் வயிற்றுத் தசையும் விலாவின் உட்பக்கத் தசையும் சேர்ந்து காற்றை வெளியே தள்ளுகின்றன. புதிதாக ஓடத் தொடங்கியவருக்கு மறுநாள் வயிறும் விலாவும் வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓய்வில் ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு. இழுக்கும் அரை லிட்டரில் எல்லாமே வேலைக்கு ஆவதில்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், அதன் கிளைகள் ஆகியவற்றை நிரப்பிக்கொண்டு நிற்கிற சுமார் 150 மில்லிலிட்டர், ரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடும். நம்ம ஊர் வீட்டில் முகப்பிலேயே நின்று பேசிவிட்டு, வளவுக்குள் கால் வைக்காமல் போய்விடுகிற ஆளைப் போல. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 12 தடவை 500 மில்லிலிட்டர் இழுத்தால் மொத்தம் 6 லிட்டர். அதில் உள்ளே போய்ச் சேர்வது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 24 குட்டி மூச்சாக, ஒவ்வொன்றும் 250 மில்லிலிட்டராக இழுத்தால், போய்ச் சேர்வது 2.4 லிட்டர்தான். பதற்றத்தில் நாய் மாதிரி இளைப்பவர் படுகிற பாட்டுக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லாமல் போவது இதனால்தான். உடற்பயிற்சியில் உடம்பு இதைத் தானே அறிந்து நடக்கிறது: முதலில் மூச்சின் ஆழத்தைக் கூட்டும், அது ஓரளவுக்குமேல் கூட்ட முடியாதபோதுதான் எண்ணிக்கையை ஏற்றும்.

உள்ளே போகும் காற்று சேரும் இடம், பல கோடி நுண்ணறைகள். அவற்றின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள திரையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரலின் மயிரிழை ரத்தக்குழாயான தந்துகியைக் கடக்க முக்கால் நொடி எடுக்கிறது. ஆக்சிஜனால் நிரம்பக் கால் நொடி போதும். மூன்றில் இரண்டு பங்கு நேரம் உபரி. ஓடும்போது ரத்தம் விரைந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கால் நொடி கிடைத்துவிடுகிறது.

இப்போது விரட்டுகிற ஆளுக்கு வருவோம். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் மூச்சின் தாளத்தைப் போடும் நரம்புக் கூட்டம் இருக்கிறது. அது அதிகமாகக் கண்காணிப்பது கரியமில வாயுவைத்தான். கரியமில வாயு கூடினால் மூளையைச் சுற்றியுள்ள திரவம் சற்றே அமிலமாகும்; முகுளத்தின் அருகிலுள்ள உணரிகள் உடனே மூச்சைக் கூட்டச் சொல்லும். 1905-இல் இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் இதை அளந்து காட்டினார்கள்: நுண்ணறைக் காற்றில் கரியமில வாயு வெறும் 0.2 விழுக்காடு அளவுக்குக் கூடினாலே மூச்சோட்டம் இரட்டிப்பாகிவிடுகிறது. ஆக்சிஜனைக் கவனிக்கவும் ஆள் உண்டு, கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் ஓர் அரிசி அளவு உறுப்பு. அதன் வேலையைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் கார்னேய் ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் நன்றாக விழுந்த பிறகுதான் அது பலமாகக் குரல் கொடுக்கும். கொடைக்கானல் மாதிரி 2,100 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியிருக்கும்போது அதற்கு வேலை வரும். காரைக்குடி மைதானத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. ஊருணியில் யாரும் இறங்கமாட்டார்கள், குடிதண்ணீர். கண்மாயிலும் கிணற்றிலும் பையன்கள் “யார் ரொம்ப நேரம் முங்கியிருப்பது” என்று பந்தயம் கட்டுவார்கள். முங்குவதற்கு முன் கெட்டிக்காரப் பையன் பத்து இருபது தடவை வேக வேகமாக மூச்சை இழுத்து விடுவான். அதனால் ஆக்சிஜன் கூடுதலாக ஏறுவதில்லை. ரத்தம் ஏற்கனவே 97, 98-இல் நிரம்பித்தான் இருக்கிறது. கரியமில வாயு மட்டும் வெகுவாக இறங்கிவிடுகிறது. தண்ணீருக்குள் போனபின் ‘மேலே வா’ என்று எச்சரிக்க வேண்டிய கரியமில வாயு சேர்வதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முட்டலும் தெரியாமலே நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்த பையன்களும் இப்படிப் போகிறார்கள். வீட்டில் பையன்கள் இருந்தால் சொல்லி வையுங்கள்.

இங்கே கூர்மையான வாசகர் மடக்கலாம். கரியமில வாயு கூடினால்தான் மூச்சு கூடும் என்றால், மிதமாக ஓடுபவரின் தமனி ரத்தத்தில் அது கூடியிருக்க வேண்டுமே? அளந்து பார்த்தால் கூடியிருப்பதில்லை. தசை ஓய்வில் இருப்பதைப்போல் பல மடங்கு கரியமில வாயுவைக் கொட்டிக்கொண்டிருந்தும், தமனியில் அளவு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த புதிர் இது. பதில்: உடம்பு வாயு சேரும்வரை காத்திருப்பதில்லை. காலை அசைக்கச் சொல்லி மூளை ஆணை அனுப்பும்போதே மூச்சு மையத்துக்கும் ஒரு தகவல் போய்விடுகிறது. தசையிலும் மூட்டிலும் உள்ள நரம்புகள் ‘அசைவு தொடங்கிவிட்டது’ என்று திருப்பிச் சொல்கின்றன. அதனால்தான் முதல் அடி வைத்த நொடியிலேயே மூச்சு சட்டென்று ஒரு படி ஏறுகிறது. நீங்கள் சும்மா படுத்திருக்க இன்னொருவர் உங்கள் காலை மடக்கி நீட்டினாலும் மூச்சு கொஞ்சம் கூடும். சிறாவயல் மஞ்சுவிரட்டில் தொழுவிலிருந்து காளையை அவிழ்க்கும் முன்பே, இன்னும் ஓர் அடிகூட ஓடாத இளவட்டங்களுக்கு நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எதிர்பார்ப்பே மூச்சைக் கூட்டும். அதற்கடுத்த இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு படிப்படியாக ஏறி, வேலைக்குத் தக்க அளவில் நிலைகொள்ளும். கரியமில வாயு உணரிகள் இந்த நேரத்தில் கூட்டியும் குறைத்தும் அளவைத் திருத்திக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் புதியவருக்குக் கொடுமையானவை. கால் முழு வேலையைக் கேட்கிறது. ஆக்சிஜன் வந்து சேர்வது அதற்குப் பின்தங்கியே வரும். இடைவெளியைத் தசை தன் கையிருப்பைக் கரைத்துச் சமாளிக்கிறது. பலர் இந்த இடத்திலேயே ‘நமக்கு ஆகாது’ என்று திரும்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு ஓடினால் இந்தத் தொடக்க அவஸ்தை நன்றாகவே குறையும்.

அடுத்து, நுரையீரலுக்கு ஏன் நற்சான்று கொடுக்கிறேன் என்பதற்கான கணக்கு. ஓய்வில் நிமிடத்துக்கு 6 லிட்டராக இருந்த மூச்சோட்டம், முழு மூச்சாக ஓடும் சாதாரண ஆண் ஒருவருக்கு 100 லிட்டர்வரை போகும். அதே ஆளை உட்காரவைத்து, முடிந்தமட்டும் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து விடச் சொன்னால் 140, 150 லிட்டர் வரும். ஆக, ஓட்டத்தின் உச்சத்திலும் நுரையீரலிடம் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. இதயத்திடம் அப்படி எதுவும் மிச்சம் இல்லை. ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளுவது, பழக்கமில்லாதவருக்கு 20 லிட்டருக்கு ஏறி அதோடு நின்றுவிடும். துடிப்பும் உச்சத்தைத் தொட்டிருக்கும். தேர்ந்த நெடுந்தூர வீரர்களுக்கு இது 35 லிட்டரையும் தாண்டும். துடிப்பு எண்ணிக்கை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவில்தான் வித்தியாசம்.

தசை தன் பங்குக்குச் சாமர்த்தியமாக நடந்துகொள்ளும். ஒரு லிட்டர் ரத்தம் சுமார் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமந்து போகிறது. ஓய்வில் உடம்பு அதில் 50-ஐத்தான் இறக்கிக்கொள்கிறது. வேலை செய்யும் தசை சூடாகவும் சற்றே அமிலமாகவும் கரியமில வாயு நிறைந்தும் இருப்பதால், அங்கே சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி இன்னும் அதிகமாக விட்டுக்கொடுக்கும். இதை 1904-இல் விவரித்தவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர், அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் அப்பா. கடும் ஓட்டத்தில் லிட்டருக்கு 150 மில்லிலிட்டருக்கு மேலும் இறக்கப்படுகிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்து, மொத்த ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தசைக்கே திருப்பிவிடுகிறது உடம்பு. வெள்ளைப் பணியாரம் நாலு உள்ளே தள்ளிவிட்டு ஓடப்போனால் வயிறு புரட்டுவது அதனால்தான். விலாவில் சுருக்கென்று பிடித்துக்கொள்வதும் வயிறு நிறைந்திருந்தாலோ இனிப்புப் பானம் குடித்திருந்தாலோ அதிகம். வேகத்தைக் குறைத்து ஆழமாக மூச்சை விட்டால் பெரும்பாலும் விட்டுவிடும்.

இனி அப்பத்தா கதை. இதுதான் உங்கள் கேள்வியின் முடிச்சு.

ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடத்தில் உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நாற்காலி வேலை பார்க்கும் 31 வயதுக்காரருக்கு அது உடல் எடையில் கிலோவுக்கு 35 மில்லிலிட்டர் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஓடுபவர் உற்சாகத்தில் பிடிப்பது மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம், அதாவது 400 மீட்டர் சுற்றுக்கு 2 நிமிடம் 40 விநாடி. அந்த வேகத்துக்குச் செலவு கிலோவுக்குச் சுமார் 33. உச்சவரம்பில் 95 விழுக்காடு! நாலு நிமிடத்தில், சரியாக ஒன்றரைச் சுற்றில், நின்றுபோவதில் என்ன ஆச்சரியம்? அப்பத்தாவின் உச்சவரம்பு உங்களுடையதைவிட நிச்சயம் குறைவு. சுறுசுறுப்பான 66 வயதுப் பெண்மணிக்கு 22, 23 இருக்கலாம். அவர் நடப்பது மணிக்கு நாலரைக் கிலோமீட்டர். அதற்குச் செலவு 11. பாதிதான். அந்தப் பாதியில் நாள் முழுக்கப் போகலாம். நத்தம், திண்டுக்கல் எல்லாம் தாண்டிப் பழனிவரை போகலாம். உங்களைவிட அவருக்குத் தெம்பு அதிகம் என்பதில்லை, தன் வரம்பைத் தெரிந்து நடக்கிறார்.

பாதிக்கும் உச்சத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. பழக்கமில்லாதவருக்கு அது உச்சவரம்பில் 50, 60 விழுக்காட்டில் வந்துவிடும். அந்தக் கோட்டைத் தாண்டினால் தசை, ஆக்சிஜன் வழியோடு கூடவே, சர்க்கரையை அவசரமாக உடைக்கும் வழியையும் அதிகமாக நம்பத் தொடங்குகிறது. சர்க்கரை அப்படி உடையும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் சேரும், கூடவே அமிலத்தன்மை ஏறும். ரத்தத்தில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற காரப்பொருள் அந்த அமிலத்தைத் தணிக்கும்போது கரியமில வாயு உபரியாகக் கிளம்புகிறது. அதை வெளியேற்றவும் அமிலத்தைக் குறைக்கவும் மூச்சு தறிகெட்டு ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே மூச்சு வேகத்தோடு சீராக ஏறும். மேலே போனால் வேகம் கொஞ்சம் கூடினாலும் மூச்சு மளமளவென்று எகிறும். மைதானத்தில் உங்களுக்கு முட்டியது அந்த இடம். உயிருக்கே காற்று போதாததுபோல் தோன்றும் உணர்வு, உள்ளபடியே கரியமில வாயுவையும் அமிலத்தையும் வெளியே தள்ளச் சொல்லும் அவசரம்.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கக் கைக்கடிகாரம் ஒன்றும் வேண்டாம். பேசிப் பார்த்தால் போதும். ஒரு முழு வாக்கியம் இடையில் மூச்சு வாங்காமல் வந்தால் கோட்டுக்குக் கீழே இருக்கிறீர்கள். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை அறுந்தால் மேலே போய்விட்டீர்கள். பாதயாத்திரையில் ஒருவர் பாட மற்றவர்கள் “அரோகரா” என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே நடக்கிறார்களே, அந்தக் கூட்டம் முழுக்கத் தன்னையறியாமல் இந்தச் சோதனையில் தேறிக்கொண்டே போகிறது. காவடி தூக்கியவர் ஏற்றத்தில் பாட்டை விட்டுவிட்டு வாய் மூடி நடப்பதையும் கவனித்துப் பாருங்கள்.

நின்ற பிறகும் மூச்சு ஏன் அடங்குவதில்லை? முதல் சில நொடிகளில் சட்டென்று ஒரு படி இறங்கும், காலின் ஆணை நின்றுவிட்டதல்லவா. மீதி மெதுவாகத்தான். தசையின் கையிருப்பை மறுபடி நிரப்ப வேண்டும், லாக்டேட்டைத் தீர்க்க வேண்டும், உடம்பு இன்னும் சூடாக இருக்கிறது, இதயம் இன்னும் வேகமாக ஓடுகிறது. 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற ஏ. வி. ஹில் இதற்கு ‘ஆக்சிஜன் கடன்’ என்று பெயர் வைத்தார். வாங்கியதைவிடத் திருப்பிக் கட்டுவது அதிகமாகவே இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. வட்டிக்கடை ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இராது. முழங்காலில் கையூன்றிக் குனிந்து நிற்கிறீர்களே, அது தவறில்லை. தோள் பாரம் இறங்கி, கழுத்து, மார்புத் தசைகள் மூச்சுக்கு உதவ வரும். ஆனால் ஒரேயடியாக நிற்காமல் அரைச் சுற்று நடங்கள். ஓடிய காலில் ரத்தம் தேங்கித் தலை சுற்றாமல் இருக்கும்.

மூச்சுப் பயிற்சி வகுப்பு பற்றி. மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று இழுத்து விடுவது படபடப்பைத் தணிக்கும், மனசு அடங்கும். அதற்காகச் செய்யுங்கள், தாராளமாக. ‘ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றுகிறோம்’ என்று சொல்லிப் பணம் கேட்டால் மட்டும் ஆக்சிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய 98-இல் இன்னும் எதை ஏற்றுவது? ஓயாமல் வேகமாக மூச்சை இழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்து மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரக்கும். சிலர் அதைச் சக்தி ஏறுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூக்கால்தான் ஓட வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. மூக்கு காற்றை வடிகட்டி, ஈரமாக்கி, சூடேற்றித் தரும் என்பது உண்மை. மெதுவான ஓட்டத்துக்கு அது போதும். மூச்சோட்டம் நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தாண்டும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். திறக்கட்டும்.

உங்களுக்கு வேண்டியது அலுப்பூட்டும் அளவுக்கு மெதுவான ஓட்டம். பேச முடிகிற வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடி, ஒரு நிமிடம் நடந்து, இப்படியே இருபது இருபத்தைந்து நிமிடம், வாரத்தில் நாலு நாள். பக்கத்தில் நடக்கிற மாமா உங்களைத் தாண்டிப் போனால் போகட்டும். முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு ஏறும். சில மாதங்களில் தசைக்குள் தந்துகிகளும், ஆக்சிஜனைச் செலவழித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகும். உச்சவரம்பு 15 முதல் 20 விழுக்காடு ஏறுவது சகஜம். 35 என்பது 41 ஆகும். அதைவிட முக்கியம், அந்தக் கோடு மேலே நகர்வது. அதே 9 கிலோமீட்டர் வேகத்தில் லாக்டேட் குறைவாகச் சேரும், மூச்சும் குறைவாகவே வாங்கும். இவ்வளவும் நடந்த பிறகு நுரையீரலின் கொள்ளளவை அளந்தால் ஏறக்குறைய பழையபடியேதான் இருக்கும்.

பங்குனி, சித்திரையில் நம்ம பக்கத்து வெயிலையும் கணக்கில் சேருங்கள். தோலைக் குளிர்விக்க ரத்தம் திரும்பும், வியர்வையில் நீர் போகும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். விடியற்காலையில் சுலபமாக இருந்த சுற்று, எட்டு மணிக்கு மூச்சு முட்டுவது சோம்பேறித்தனம் ஆகாது.

எல்லா மூச்சிரைப்பும் பழக்கக்குறைவு என்று நான் சொல்லவில்லை. ஓடி முடித்த ஐந்து பத்து நிமிடம் கழித்து இருமலும் விசில் சத்தமும் வந்தால் அது மூச்சுக்குழாய் சுருங்குவது. மருத்துவர் இன்ஹேலர் தருவார், அப்புறம் தடையில்லாமல் ஓடலாம். நெஞ்சில் அழுத்தம், மயக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மைதானத்தை விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால், அதன் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிமீட்டரும் அதை ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும்.

ஆக்சிமீட்டர் காட்டிக்கொடுக்காத இன்னொன்று ரத்தசோகை. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி சொல்லும். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவரின் ஒரு லிட்டர் ரத்தத்தில் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 9 கிராம் உள்ளவருக்கு 120. இருவருக்கும் விரலில் 98 காட்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அதனால் இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது கேட்டிருந்தால், குன்றக்குடிப் படி ஏறவே மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருந்தால், என் பதில் வேறு இடத்தில் தொடங்கியிருக்கும்: முதலில் ரத்தத்தைச் சோதித்து, குறைவு ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள், ஓட்டம் அப்புறம்.